மூக்கும் முன்சக்கரமும்

வாசகர்களே, நோய்களுக்குள்ளும் அந்தஸ்து வித்தியாசம் உண்டு என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். காய்ச்சல் என்றால் அது மரியாதைக்குரிய நோய். வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள், சாத்துக்குடி வருகிறது. காலில் மாவுக்கட்டு என்றால் இன்னும் கௌரவம். பஸ்ஸில் எழுந்து இடம் தருகிறார்கள். தும்மலுக்கு மட்டும் எந்த மரியாதையும் கிடையாது. முதல் தும்மலுக்கு 'நூறு வயசு' என்கிறார்கள். வெளியே கிளம்பும் வேளையில் ஒற்றைத் தும்மலாக அமைந்துவிட்டால், 'சகுனம் சரியில்லை, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போ' என்கிறார்கள். பத்தாவது தும்மலுக்குச் சிரிக்கிறார்கள். இருபதாவது தும்மலுக்கு, 'கொஞ்சம் அந்தப் பக்கம் போய்த் தும்மக் கூடாதா?' என்று கேட்டே விடுகிறார்கள். 2020-ம் வருஷத்துக் கொரோனாவுக்குப் பிறகு இதில் ஒரே ஒரு லாபம்: மின்சார ரயிலில் இரண்டு தும்மல் போட்டால் உட்கார இடம் கிடைத்து விடுகிறது.

ஆனால் இந்தச் சிரிப்பெல்லாம் தரையில் நிற்பவனுக்குத்தான். சைக்கிள் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருப்பவனுக்குத் தும்மல் சிரிப்புக்குரிய விஷயமே அல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால், ஒரு விநாடிக்கு 11 மீட்டர். கூட்டமாக ஓட்டும்போது முன்னால் போகிறவனின் பின்சக்கரத்துக்கும் உங்கள் முன்சக்கரத்துக்கும் நடுவே சில சமயம் ஒரு சாண் இடைவெளிதான் இருக்கும். தும்மும்போது கண் மூடாமல் இருக்கிறவர் அபூர்வம். அரை விநாடி கண்ணை மூடினால், ஐந்தரை மீட்டர் தூரம் குருடராகப் பிரயாணம் செய்கிறீர்கள். நீங்கள் விழுந்தால் உங்களோடு போகாது. பின்னால் வருகிற பத்துப் பேர் உங்கள் மேல் விழுவார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு கரிசனத்தோடு எழுதுகிற ஆசாமி யார் என்று கேட்பீர்கள். வாரம் ஆறு நாள் பத்திரிகை ஆபீஸில் பேனா பிடிக்கிறவன். ஏழாவது நாள் பந்தய சைக்கிளின் வளைந்த கைப்பிடியைப் பிடிக்கிறவன். வயது முப்பத்தைந்து. "இந்த வயசுல குரங்குப் பெடல் அடிக்கிற பையனாட்டம் என்னடா இது கூத்து?" என்பது என் தாயாரின் வாராந்தரக் கேள்வி. வருஷத்தில் இரண்டு பருவங்களில், அதாவது ஐப்பசி மழை தொடங்கும்போதும், தை மாசி மாதங்களிலும், என் மூக்கு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடுவோம்.

குடியிருப்பது மறைமலைநகரில். 'வேதாசலம்' என்ற தம் பெயரையே தமிழாக்கி 'மறைமலை' என்று வைத்துக்கொண்ட தனித்தமிழ்ப் பெரியவரின் பெயர் தாங்கிய ஊர் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு 'அலர்ஜி' என்று எழுதக் கை கூசுகிறது. ஆகவே 'ஒவ்வாமை' என்றே சொல்வோம். நல்ல சொல்தான். ஒவ்வாத சம்பந்தம் செய்துகொண்டவர்களுக்கு அதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் பக்கத்துக்கு நல்ல காற்றுள்ள சீமை என்று ஒரு காலத்தில் பெயர் இருந்தது. இதே ரயில் பாதையில் வடக்கே சிறிது தூரம் போனால் தாம்பரம் சானடோரியம் வருகிறதல்லவா? காச நோயாளிகளுக்காக டாக்டர் சௌரி முத்து 1928-ல் அந்த ஆரோக்கிய நிலையத்தைத் தொடங்கினார். மலையடிவாரம், திறந்த வெளி, சுத்தமான காற்று என்று பார்த்துப் பொறுக்கிய இடம். நெஞ்சு நோய்க்காரர்கள் காற்றைத் தேடி வந்த அதே சாலையில்தான் நான் கைக்குட்டையோடு போய் வருகிறேன்.

காற்றின் மேல் குற்றமில்லை. அது சுமந்து வருகிற சரக்கில்தான் இருக்கிறது விஷயம். என்னோடு பின்சீட்டில் ஏறி வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள், காட்டுகிறேன்.

விடியற்காலை மறைமலைநகரில் புறப்படுகிறோம். வீடு கட்டாத மனைகளில் எல்லாம் இடுப்பளவுக்கு வெள்ளைப் பூவோடு ஒரு செடி நிற்கிறது, பாருங்கள். அதுதான் பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950-களின் நடுவில் புனேயில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. பிறகு தேசம் முழுவதையும் வளைத்துக்கொண்டது. தொட்டால் சிலருக்குத் தோலில் தடிப்பு. அதன் மகரந்தத்தை முகர்ந்தால் பலருக்குத் தும்மல். சிங்கப்பெருமாள்கோவிலைத் தாண்டி, செங்கற்பட்டில் கொளவாய் ஏரியை ஒட்டிப் போகிறோம். கரையோரம் எங்கும் சீமைக் கருவேலம். 1877-ல் ஜமைக்காவிலிருந்து விதை தருவித்து அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பைப் பக்கத்தில் ஊன்றினார்கள். விறகுக்காக வந்த விருந்தாளி. இன்று வீட்டுக்காரனையே வெளியே தள்ளுகிறது. அதன் மகரந்தமும் ஒவ்வாமைப் பட்டியலில் உண்டு. திருக்கழுக்குன்றத்து வேதகிரீசுவரர் மலைக்குக் கீழே ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிழக்கே திரும்பினால் வயல்கள். தை மாதம் அறுவடையானால் கதிரைத் தார்ச்சாலையிலேயே பரப்பி வைத்திருப்பார்கள். லாரியும் பஸ்ஸும் போரடித்துக் கொடுத்துவிட்டுப் போகும். பதரும் தூசியும் நம் முகத்தில். மாமல்லபுரம் நெருங்கினால் சவுக்குத் தோப்புகள். சென்னைப் பட்டணத்து அடுப்புக்கும் சாரத்துக்கும் தலைமுறை தலைமுறையாகக் கம்பு கொடுத்த மரம். அதன் பூவுக்கு வண்டும் வேண்டாம், தேனீயும் வேண்டாம். காற்றை நம்பியே மகரந்தத்தைத் தூவி விடுகிறது.

போக வர ஏறக்குறைய 80 கிலோமீட்டர். இவ்வளவு சரக்கையும் மூக்கு வழியே கொள்முதல் செய்துகொண்டு வீடு திரும்புகிறேன்.

'இதே ஊரில் நாங்களும்தான் இருக்கிறோம், எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லையே?' என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள். முதலாவது, நம் மூக்குக்குள் இருக்கும் காவல்காரனின் சுபாவம். உடம்புக்குள் கிருமி நுழையாமல் பார்த்துக்கொள்ள இயற்கை ஒரு காவல்காரனை வைத்திருக்கிறது. பெரும்பாலோரிடம் அவன் விவேகி. என்னைப் போன்றவர்களிடம் அவன் ஒரு அவசரக்காரன். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரைக் கொள்ளைக் கூட்டம் என்று நினைத்து ஊரைக் கூட்டிவிடுகிறான்! மகரந்தம் சாது. அது யாரையும் கெடுக்க வரவில்லை. காவல்காரன் ஊதுகிற விசிலுக்குத்தான் 'ஹிஸ்டமின்' என்று பெயர். அந்த விசில் கேட்டதும் மூக்கு ஒழுகுகிறது, கண் அரிக்கிறது, தும்மல் அணிவகுக்கிறது. சத்தம் நெஞ்சு வரைக்கும் போய்விட்டால் மூச்சுக்குழாய் சுருங்கி இளைப்பு வருகிறது. அது விளையாட்டில்லை.

இரண்டாவது காரணம் சைக்கிள். நாற்காலியில் சாய்ந்து இந்தப் பத்திரிகையைப் படிக்கும் நீங்கள், நிமிஷத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை இழுக்கிறீர்கள். மூக்கு அதை வடிகட்டி, சூடேற்றி, ஈரமாக்கி உள்ளே அனுப்புகிறது. பந்தயத்தில் முழுமூச்சாக மிதிக்கிறவனுக்கு நிமிஷத்துக்கு 100 லிட்டருக்கும் மேல் வேண்டும். மூக்கின் சின்னஞ்சிறு வாசல் இதற்குப் போதுமா? வாயைத் திறந்துவிடுகிறோம். வடிகட்டி கிடையாது, வந்ததெல்லாம் நேரே நெஞ்சுக்கு. நீங்கள் அரை நாள் முழுக்க உட்கார்ந்து இழுக்கும் காற்றை அவன் ஒரு மணி நேரத்தில் இழுத்துவிடுகிறான். மகரந்தமும் அந்தக் கணக்கில்தான்.

இந்த உபத்திரவத்தைக் கண்டுபிடித்தவர்களும் இதனால் அவஸ்தைப்பட்டவர்களே என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். லண்டன் வைத்தியர் ஜான் பாஸ்டாக் 1819-ல் இதை வருணித்தபோது, அவர் எழுதிய நோயாளி அவரேதான். மான்செஸ்டர் வைத்தியர் சார்லஸ் பிளாக்லி இன்னும் தீவிரமானவர். காரணம் புல்லின் மகரந்தமே என்று 1873-ல் புத்தகம் எழுதி நிலைநாட்டினார். தம் மூக்கிலேயே தாம் பொடியைத் தடவிச் சோதித்தார். பசை தடவிய கண்ணாடியைக் காற்றாடியில் கட்டிப் பறக்கவிட்டு, ஆகாயத்தில் எவ்வளவு மகரந்தம் மிதக்கிறது என்று எண்ணினார். 'அலர்ஜி' என்ற சொல்லை வியன்னாவின் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே 1906-ல் உண்டாக்கினார். ஆக, நாம் இருநூறு வருஷப் பழமையுள்ள ஒரு கௌரவமான சங்கத்தின் அங்கத்தினர்கள்.

இனி வைத்தியத்துக்கு வருவோம். தும்முகிறவனுக்கு வைத்தியம் சொல்ல நம் நாட்டில் பட்டம் எதுவும் தேவையில்லை. "கண்ணு, சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் வெச்சிருக்கேன், சூடா குடி" என்று தாயார். "என்னங்க, நொச்சி இலை போட்டு ஆவி பிடிச்சா போயிடுமாம், மாடி வீட்டு அக்கா சொன்னாங்க" என்று மனைவி. கஷாயம் தொண்டைக்கு இதம். ஆவி மூக்குக்கு ஒரு மணி நேர விடுதலை. அன்பு கலந்த மருந்துகள் ஆனதால் இரண்டையும் இன்றைக்கும் மறுப்பதில்லை. எதிர் வீட்டுக்காரர் மட்டும் ஒரு பரம ஔஷதம் சொன்னார்: "சார், அந்த சைக்கிளை வித்துடுங்க."

என் உடம்பைப் பார்த்த டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. முன்கையில் வரிசையாகச் சொட்டுச் சொட்டாகச் சில திரவங்களை விட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஊசி முனையால் லேசாகக் கீறினார். ஒவ்வொரு சொட்டும் ஒரு சந்தேகப் புள்ளி: ஒன்று புல், ஒன்று பார்த்தீனியம், ஒன்று வீட்டுத் தூசிப் பூச்சி, இப்படி. கால் மணி நேரம் காத்திருந்தோம். மூன்று இடத்தில் கொசுக்கடி போலத் தடித்துச் சிவந்தது. போலீஸ் அடையாள அணிவகுப்பில் சாட்சி விரல் நீட்டுகிற மாதிரி என் கை மூன்று பேரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"விரோதி யார் என்று தெரிந்துவிட்டது. எப்போது வருகிறான் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்" என்றார் டாக்டர்.

பார்ப்பதும் எழுதுவதும் பத்திரிகைக்காரனின் தொழில்தானே? ஒரு அரைக்குயர் நோட்டு வாங்கினேன். தேதி, போன வழி, காற்று எந்தத் திசை, எத்தனை தும்மல் என்று ஒரு வருஷம் எழுதினேன். அதோடு இன்னொரு கணக்கு: டாக்டர் கொடுத்த ஒரு சின்னக் குழாயில் தினமும் காலையில் ஊத வேண்டும். மூச்சின் வேகத்தை அதிலுள்ள முள் காட்டும். நல்ல நாளில் எனக்கு 560 வரை ஏறும். அதில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் இருந்தால் பச்சை விளக்கு. ஐம்பதுக்கும் எண்பதுக்கும் நடுவே மஞ்சள் விளக்கு. அதற்கும் கீழே சிவப்பு, அதாவது உடனே ஆஸ்பத்திரி.

வருஷக் கடைசியில் நோட்டைப் புரட்டினால் ஒரு துப்பறியும் தொடர்கதை மாதிரி இருந்தது. நிலக்காற்று வீசும் விடியற்காலையில் கொளவாய்க் கரையில் தும்மல் அதிகம். கடற்காற்று திரும்பிய பிறகு கடலோரச் சாலையில் மூக்கு சாந்தமாகிவிடுகிறது. நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை சொர்க்கம். வீட்டில் ஜமுக்காளம் உதறுகிற நாள் நரகம். போகிப் பண்டிகையன்று கேட்கவே வேண்டாம். 2018-ம் வருஷப் போகியில் புகை மூட்டம் சென்னையில் விமானங்களையே இறங்கவிடாமல் செய்தது. என் மூக்கு எம்மாத்திரம்?

சரி, தெரிந்துகொண்டாயிற்று. ஆனால் பந்தயத் தேதியை மூக்கைக் கேட்டா வைக்கிறார்கள்?

ஒரு ஜனவரி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பந்தயம். ஐப்பசியிலிருந்து அதற்காகவே உழைத்திருந்தேன். நாலரை மணிக்கு அலாரம், ராத்திரிச் சினிமா கிடையாது, கல்யாண வீட்டில் இரண்டாவது ஜிலேபி கிடையாது. போகிப் புகையும் அறுவடைத் தூசியும் சேர்ந்து அந்த வாரம் நெஞ்சில் ஒரு பூனைக்குட்டியைக் குடிவைத்துவிட்டன. படுத்தால் 'கர் கர்' என்று அது பேசும். சனிக்கிழமை காலை குழாயில் ஊதினேன். 410. மஞ்சள் விளக்கு.

கூட ஓட்டுகிற தம்பி ஒருவர் இருக்கிறார், தொழிற்பேட்டையில் வேலை, தங்கமான மனசு. சாயங்காலம் வந்தார், சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"அண்ணே, மெடிக்கல் ஷாப்புல கொடுத்தாங்க. ராத்திரி ரெண்டு, காலையில ரெண்டு. மூக்கும் நெஞ்சும் கண்ணாடி மாதிரி ஆயிடும்."

"என்ன மாத்திரைப்பா?"

"பேரெல்லாம் யாருண்ணே கேட்டா? எங்க மாமாவுக்கு மந்திரம் போட்ட மாதிரி கேட்டுச்சு."

சின்னஞ்சிறு வெள்ளை மாத்திரைகள். அட்டையைத் திருப்பிப் படித்தேன், பிரட்னிசலோன். ஸ்டீராய்டு வகை. தம்பி சொன்னது பொய்யில்லை. மந்திரம் போலக் கேட்கும். ஆபத்தான இளைப்பில் டாக்டர்களே இதைக் கொடுத்து உயிரைக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் அந்த நிலையில் இருப்பவனுக்கு இடம் கட்டில். பந்தயச் சாலை அல்ல. பந்தய காலத்தில் இதை வாய் வழியே சாப்பிடுவது, உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் விதிப்படி, தக்க வைத்திய அனுமதி இல்லாவிட்டால் குற்றம்.

"அண்ணே, இந்தப் பந்தயத்துல யாரு வந்து சோதிக்கப் போறாங்க?" என்றார் தம்பி.

உண்மை. யாரும் வரப் போவதில்லை. அதுதான் சங்கடமே. சோதிக்க ஆள் இருந்தால் பயத்தினால் யோக்கியனாக இருந்துவிடலாம். ஆள் இல்லாதபோது நாமே நம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மருந்துக்கும் பந்தயத்துக்கும் உள்ள இந்தத் தகராறு பெரிய பெரிய மனிதர்களையே ஆட்டி வைத்திருக்கிறது. 1972-ல் மியூனிக் ஒலிம்பிக்கில் ரிக் டிமாண்ட் என்ற பதினாறு வயது அமெரிக்கப் பையன் 400 மீட்டர் நீச்சலில் முதலாவதாக வந்தான். ஆஸ்துமாவுக்காக அவன் சாப்பிட்ட மருந்தில் எஃபெட்ரின் இருந்தது. மருந்து விவரத்தை அவன் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தும், தங்கப் பதக்கத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். இத்தாலியின் சைக்கிள் வீரர் பெட்டாக்கி, ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் இழுக்க அனுமதி பெற்றவர். 2007-ல் இத்தாலியப் பந்தயத்தில் அளவு மீறிக் காணப்பட்டு, பிறகு தடைக்கு ஆளானார். இங்கிலாந்தின் கிறிஸ் ஃப்ரூமுக்கும் அதே மருந்தினால் 2017-ல் ஸ்பெயின் பந்தயத்தில் சிக்கல் வந்தது. 2018 ஜூலையில்தான் குற்றமில்லை என்று விடுவிக்கப்பட்டார். 2012-ல் பிரான்ஸ் பந்தயத்தை வென்ற பிராட்லி விக்கின்ஸ், மகரந்த ஒவ்வாமைக்காக அனுமதி பெற்றே ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர். விதியை மீறவில்லை. ஆனாலும் 2018-ல் இங்கிலாந்துப் பார்லிமெண்டுக் குழு ஒன்று, அது தர்மத்தின் எல்லையைத் தாண்டிய காரியம் என்று எழுதியது. அவர் அதை மறுத்தார். தும்மலில் ஆரம்பித்த விஷயம் எங்கே போய் நிற்கிறது, பார்த்தீர்களா?

மறுபக்கமும் உண்டு. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 190 கிலோமீட்டர் சாலைப் பந்தயத்தில் தங்கம் வென்ற அலெக்சி கிரேவால் ஆஸ்துமாக்காரர். இந்தியாவிலிருந்து அமெரிக்கா போன ஒரு சீக்கியரின் மகன். அவருக்கும் பந்தயத்துக்குச் சில நாட்கள் முன்னால் ஒரு மருந்துச் சோதனைத் தகராறு வந்து, முறையீட்டில் தீர்ந்தது. கடைசி நூறு மீட்டரில் கனடாக்காரர் ஸ்டீவ் பாவரை முந்தினார். இளைக்கிற நெஞ்சு ஒலிம்பிக் மலையையே ஏறியிருக்கிறது என்றால், நம் ஊர்க் குழந்தைகளுக்கு என்ன தடை?

நான் அந்தப் பொட்டலத்தைத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பந்தயம் நடந்தது. நான் சாலையோரம் நின்று, ஓடி வருகிறவர்களுக்குத் தண்ணீர்ப் புட்டி நீட்டிக்கொண்டிருந்தேன். மூன்று மாத உழைப்பு சர்ரென்று கண்ணெதிரே காற்றாகப் போனது. தம்பி ஒன்பதாவதாக வந்தார். கைதட்டினேன். மனசு நிறைந்திருந்தது என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், எழுதவில்லை. வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் சைக்கிளைத் துடைத்தேன்.

ஆனால் அன்று துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் டாக்டர் சொல்லியிருந்த ஒரு வாக்கியத்தின் முழு அர்த்தமும் விளங்கிற்று. "பந்தயத்தன்று காலையிலா பயிற்சி செய்வீர்கள்?" என்று கேட்டிருந்தார் அவர். "மருந்தும் அப்படித்தான் சார்." நான் சொல்ல வந்த விஷயமே இதுதான், வாசகர்களே. தும்மல் வந்த பிறகு தேடுகிற மருந்து விசிலை அடக்கும். காவல்காரனின் புத்தியை மாற்றாது. புத்தியை மாற்றுகிற மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும். அதற்குப் பருவம் வருமுன்பே பிள்ளையார் சுழி போட வேண்டும்.

அடுத்த சுற்றில் அப்படியே செய்தேன். நோட்டைப் பார்த்து, பருவத்துக்கு இரண்டு வாரம் முன்பே, டாக்டர் எழுதித் தந்த மூக்கு மருந்தைத் தினம் காலையில் பீய்ச்சிக்கொண்டேன். இதுவும் ஸ்டீராய்டு இனம்தான். ஆனால் மிகச் சொற்ப அளவு, மூக்கோடு நிற்பது, பந்தய விதியும் அனுமதிப்பது. முழுப் பலன் தெரியச் சில நாட்கள் பிடிக்கும். இரண்டு நாள் பார்த்துவிட்டு 'இது கேட்கவில்லை' என்று வீசி எறிகிறவர்களே அதிகம். கடையில் கிடைக்கிற மூக்கடைப்புச் சொட்டு மருந்து வேறு ஜாதி. உடனே திறக்கும், ஒரு வாரத்துக்கு மேல் பழகினால் அந்த மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கும்.

மாத்திரையிலும் பார்த்துப் பொறுக்க வேண்டும. ஹிஸ்டமினை எதிர்க்கும் மருந்துகளைக் கண்டுபிடித்ததற்காகவும் சேர்த்து டேனியல் போவேக்கு 1957-ல் நோபல் பரிசு கிடைத்தது. பழைய காலத்து மாத்திரைகள் தும்மலோடு ஆளையும் தூங்க வைத்துவிடும். குளோர்பெனிரமின் போட்டுக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் சைக்கிள் ஓட்டுவதைவிடத் தும்முவதே மேல். தூக்கம் அதிகம் தராத ஃபெக்சோஃபெனடின் போன்றவை பின்னால் வந்தன. இவை பந்தயத் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் சளி மாத்திரைகள் சிலவற்றில் கலந்திருக்கும் சூடோஎஃபெட்ரின் பந்தயத்தன்று சிறுநீரில் அளவுக்கு மேல் தென்பட்டால் வம்பு. இளைப்புக்கு இழுக்கும் சால்பியூட்டமாலுக்கும் கணக்கு உண்டு: 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600-க்கு மேல் கூடாது. சாதாரணமாக ஒரு இழுப்பு 100 மைக்ரோகிராம். இது பந்தயத்துக்கு வரம்பு. உங்கள் நெஞ்சுக்கு எத்தனை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது என்றால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள்.

மற்றதெல்லாம் காசில்லாத வைத்தியம். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் ஓட்டுவது. மூக்கு ஓரத்தில் கொஞ்சம் வாசலின். பந்தயத்துக்கு முன் இருபது நிமிஷம், நடுநடுவே வேகம் கூட்டி, உடம்பைச் சூடேற்றுவது. இது மூச்சுக்குழாய் சுருங்குவதைக் குறைக்கும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை தலைக்குக் குளியல். அந்தச் சட்டையோடு சோபாவில் சாய்வது கிடையாது. காய்ச்சி ஆற வைத்த உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது. காய்ச்சாத தண்ணீர் கூடாது. படுக்கை உறைகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் போடுவது. இதற்கு மட்டும் என் மனைவி, "பந்தயம் உங்களுக்கு, துவைக்கிறது எனக்கா?" என்று கேட்டுவிட்டபடியால், அந்த இலாகா இப்போது அடியேனுடையது.

மறு ஜனவரியில் அதே சாலை, அதே பந்தயம். காலையில் குழாயில் ஊதினேன், 540. பச்சை விளக்கு. கூட்டத்தின் நடுவில் ஒளிந்து காற்றைத் தப்பித்து, கடைசி ஐந்து கிலோமீட்டரில் வெளியே வந்தேன். பதினாலாவது இடம். உலகம் தலைகீழாகப் புரண்டுவிடவில்லை. பத்திரிகையில் பெயர் வரவில்லை, என் பத்திரிகையில்கூட! ஆனால் எல்லையைத் தாண்டிக் கால்களை ஊன்றி நின்றபோது, கடல் வாடையும் யாரோ பொரிக்கிற மீனின் வாசனையும் மூக்கில் ஏறின. ஒவ்வாமைக்காரனைக் கேளுங்கள், தை மாதத்தில் ஒரு வாசனையை நுகர்வது என்ன பாக்கியம் என்று. தம்பி பதினேழாவதாக வந்தார். "என்னண்ணே மாத்திரை போட்டீங்க?" என்று காதோடு கேட்டார். "இரண்டு வாரம் முன்னாலே போட்டது" என்றேன். அந்த வாரமே அவர் தம் மாமாவை மெடிக்கல் ஷாப்பிலிருந்து மீட்டு ஒரு நெஞ்சு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

உங்களில் பந்தய சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஒரு சிலரே இருப்பீர்கள். ஆனால் தை மாதத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போகும் பையனோ பெண்ணோ அநேகமாக ஒவ்வொரு தெருவிலும் உண்டு. 'இளைப்பு வரும், விளையாடாதே' என்று திண்ணையில் உட்கார்த்தி வைக்கப்பட்ட குழந்தைகள் அவர்கள். எங்கள் தெருவிலும் ஒரு பெண் இருக்கிறாள்; பதினோரு வயது. அண்ணன் ஓட்டுவதை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். அவள் தாயார் ஒரு நாள் என்னிடம், "உங்களுக்கும் வீசிங்தானே, நீங்க எப்படி ஓட்டறீங்க?" என்று கேட்டார். நோட்டையும் குழாயையும் காட்டினேன். இப்போது அந்த வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கிறது. ஒரு டாக்டர் இருக்கிறார். சாயங்காலங்களில் அண்ணனுக்கு சைக்கிள் கிடைப்பதில்லை.

குழந்தை தும்மினால் 'நூறு வயசு' என்று வாழ்த்துங்கள், நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த நூறு வயதும் வாசற்படியிலேயே உட்கார்ந்து கழிய வேண்டுமா என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். அடுத்த பருவம் வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. நோட்டு வாங்க இதுதான் நல்ல சமயம்.